சீட்டு, அடகு, வட்டி, வைப்புத்தொகை: பணம் சிக்கிக்கொண்டால் எந்த அலுவலகத்தின் படியேறுவது?

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், மக்கள் குறைதீர்க்கும் நாள் வரிசையில் சீட்டுப் புத்தகத்தோடோ அடகு ரசீதோடோ நிற்கும் நாலைந்து பேரைப் பார்க்கலாம். அவர்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கும் மனுவில் ஏமாற்றியவரின் பெயர், ஊர், கொடுத்த தொகை, பட்ட துயரம் எல்லாம் விரிவாக இருக்கும். அந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின்கீழ், யாருடைய அனுமதியோடு நடக்கிறது என்பது மட்டும் இருக்காது. மனு காவல் நிலையத்துக்கு அனுப்பப்படும்; அங்கே ‘இது சிவில் விவகாரம்’ என்று எழுதி முடித்துவைப்பார்கள்; சில வாரங்கள் கழித்து அதே மனுதாரர் அதே வரிசையில் மறுபடியும் நிற்பார்.

தமிழ்நாட்டில் பணம் வாங்கும், கொடுக்கும் தொழில்கள் அனைத்தையும் கண்காணிக்கிற ஒற்றை அலுவலகம் கிடையாது. சீட்டைப் பதிவுத்துறை பார்க்கிறது. அடகுக் கடைக்கும் வட்டித் தொழிலுக்கும் வட்டாட்சியர் உரிமம் தருகிறார். கூட்டுறவுச் சங்கம் கூட்டுறவுத் துறையின் பொறுப்பு. வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றியவர்களைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் மாநில அரசின் கையில் இல்லை; அவை ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருக்கின்றன. ஆகவே, யார் நம்மை ஏமாற்றினார் என்று கேட்பதற்கு முன்பு, அவர் எந்த உரிமத்தை வைத்துக்கொண்டு நம்மிடம் பணம் வாங்கினார் என்று கேட்டாக வேண்டும். பாதி வேலை அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

ரசீதைப் படிப்பது

ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு நகைக்கடன் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் ரசீதில் 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டத்தின்கீழ் பெற்ற உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றின் ரசீதில் கம்பெனியின் பெயரும் ரிசர்வ் வங்கிப் பதிவு எண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் வைத்தது ஒரே சங்கிலிதான் என்றாலும், முறையிடும் இடம் வேறு. முதல் கடையைப் பற்றி வட்டாட்சியரிடம் புகார் தரலாம். இரண்டாவது கடையின் மீது அவருக்கு அதிகாரம் இல்லை. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில அரசுகளின் கந்துவட்டி, கடன் கொடுப்போர் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கேரளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன வழக்குகள் அவை. ஆனால் தீர்ப்பின் விளைவு நம் ஊர்க் கடைத்தெரு வரைக்கும் நீள்கிறது.

ரசீதே தராத கடை, அல்லது வெறும் துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருகிற கடை என்றால், அது எந்தச் சட்டத்தின்கீழும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே போகாமலிருப்பது நல்லது. போய்விட்டிருந்தால், கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் வேறு என்ன சான்று இருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டும். ஜி-பே பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் வந்த ‘பணம் வந்துவிட்டது’ என்ற ஒற்றை வரி ஆகியவை எல்லாம் சான்றுகள்தான்.

சீட்டு: பதிவுத்துறையின் வேலை

சீட்டு நிறுவனங்களை 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதை நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் பதிவுத்துறை. பத்திரம் பதியும் அதே துறைதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு சீட்டுக் குழுவையும் தொடங்குவதற்கு முன்பே நிறுவனம் அனுமதி வாங்க வேண்டும்; சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பதிவாளரின் பெயருக்கு வங்கியில் வைப்பாகக் கட்டவோ, சட்டம் சொல்கிற வேறு ஈட்டைக் கொடுக்கவோ வேண்டும்; உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்; அதன் பிறகு தொடக்கச் சான்றிதழ் பெற்றே முதல் ஏலத்தை நடத்த வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, அனுமதி நிறுவனத்துக்கு ஒருமுறை கொடுத்துவிடுவது அல்ல, குழுவுக்குக் குழு கொடுப்பது என்பதே. ‘எங்கள் கம்பெனி ரிஜிஸ்டர் செய்தது’ என்று முகவர் சொன்னால், ‘நான் சேரும் குழு பதிவானதா, அதன் எண் என்ன?’ என்று கேட்க வேண்டும். கம்பெனி பதிவாகியிருந்தும் குழு பதிவாகாமல் இருக்கக்கூடும். மோசடி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

பதில் சரியில்லை என்று தோன்றினால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பலாம். இந்தப் பெயருள்ள நிறுவனத்தின் இந்தக் குழுவுக்கு அனுமதி ஆணை வழங்கப்பட்டிருக்கிறதா, தொடக்கச் சான்றிதழின் எண்ணும் தேதியும் என்ன, வைப்புத் தொகை எவ்வளவு என்ற மூன்று கேள்விகள் போதும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேருவதற்கு முன்பு ஒரு மாதம் காத்திருப்பது பெரிய இழப்பு அல்ல என்பது என் கருத்து.

சேர்ந்த பிறகு, கணக்கைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை 1,00,000 ரூபாய். ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி, அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்து, ஏலம் எடுக்கிறார் என்றால், அவர் கையில் 75,000 ரூபாய் வர வேண்டும். தள்ளிய 25,000 ரூபாயில் நிறுவனத்தின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் போக, மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 ரூபாய் டிவிடெண்டாகப் பிரியும்; அதனால் தவணையில் 4,000 ரூபாய் கட்டினால் போதும். கமிஷனின் உச்சவரம்பு முதலில் 5 சதவீதமாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7 சதவீதமாக உயர்த்தியது. உங்கள் பாஸ்புத்தகத்தில் இந்தக் கணக்கு இடித்தால், கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பை நிறுவனம் 21 நாட்களுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், உங்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதும் அலுவலகத்தில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

மிகுதியாக வரும் புகார், சீட்டு எடுத்தவருக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது. எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு உரிய ஜாமீன் கொடுத்துவிட்டால், நிறுவனம் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஜாமீன் இன்னும் கொடுக்கவில்லை என்றாலும், அந்தத் தொகையை அடுத்த தவணை நாளுக்கு முன்பு தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டுமே தவிர, தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. ‘ஜாமீன்தாரர் அரசு ஊழியராக இருக்க வேண்டும்’, ‘இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும்’ என்று வாரத்துக்கு ஒரு நிபந்தனை புதிதாக முளைத்தால், ஒப்பந்தத்தில் ஜாமீன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்த நகல் உறுப்பினருக்குத் தரப்பட வேண்டும் என்பதும் சட்டமே. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவர் அரிது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஒன்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் சீட்டுப் போட்டவர். ஒப்பந்த நகலை அவர் முதன்முதலாகப் பார்த்தது, பணம் வராமல் நின்ற பிறகுதான்.

சீட்டு உறுப்பினருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான தகராற்றைப் பதிவாளரே தீர்க்க அதிகாரம் படைத்தவர். சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அந்தத் தகராறுகளை உரிமையியல் நீதிமன்றம் விசாரிப்பதை அதே பிரிவு தடுக்கிறது. வக்கீலைப் பார்த்து முன்சீப் கோர்ட்டுக்குப் போய், வழக்கு அங்கே நிற்காது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. பதிவாளரிடம் தகராற்றைக் கொண்டுபோகக் கெடு மூன்று ஆண்டு. அவருடைய தீர்ப்பைச் சிவில் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்புகிறவர் இரண்டு மாதத்துக்குள் மாநில அரசிடம் போக வேண்டும்.

இவை எல்லாம் பதிவான சீட்டுக்கு. தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி நடத்துகிற சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அனுமதி பெறாத சீட்டு நடத்துவதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. பணத்தோடு ஓடிவிட்டால், மாவட்டக் குற்றப்பிரிவில் மோசடிப் புகார் கொடுப்பது ஒன்றே உடனடி வழி. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்களோ அத்தனை பேரும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட வாக்குமூலம் கொடுப்பது, ஒருவர் பெயரில் ஒரு மனுவும் பின்னால் ஐம்பது கையெழுத்தும் வைப்பதைவிடப் பலமடங்கு உதவும்.

நகைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் வேறு

நகைக்கடையில் மாதந்தோறும் கட்டுவதைச் சீட்டு என்று நாம் சொல்கிறோமே தவிர, அதில் ஏலம் இல்லை என்பதால் சீட்டுச் சட்டம் அதைத் தொடாது. அது பொருளுக்கு முன்கூட்டிக் கட்டும் பணம். கம்பெனிகள் பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் ஈடுகட்டினால் அது வைப்புத்தொகை ஆகாது என்று 2014-ஆம் ஆண்டின் கம்பெனி விதிகள் சொல்கின்றன. பெரிய கடைகளின் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் இதுதான், கடைக்காரரின் தாராளம் அல்ல. 24 மாதம், 36 மாதம் கட்டச் சொல்லும் நகைத் திட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவது நல்லது. பட்டாசு, இனிப்பு, வெள்ளிக்காசு என்று பொருள் தருவதாகச் சொல்லும் தீபாவளித் திட்டம் கைவிரித்தால், போக வேண்டிய இடம் கீழே சொல்லப்படும் வைப்புத்தொகைச் சட்டத்தின் வாசல்.

அடகும் கந்துவட்டியும்

உரிமம் பெற்ற அடகுக் கடை, அரசு நிர்ணயித்த உச்சத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ரசீது தர வேண்டும். கெடு முடிந்த நகையை விருப்பம்போல உருக்கிவிடாமல், முறைப்படி ஏலத்தில்தான் விற்க வேண்டும். ரசீதில் எடை, தொகை, தேதி, வட்டி ஆகியவை கடையின் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். எடையை ‘சுமார்’ என்று எழுதினால் வாங்காதீர்கள். மீட்கப் போகும்போது நகை இல்லை என்றால், வட்டாட்சியருக்கு ஒரு மனு, காவல் நிலையத்துக்கு ஒரு மனு என்று இரண்டையும் அன்றே கொடுங்கள். உரிமத்தைப் பற்றி முடிவெடுக்கிறவர் முதலாமவர், நகையைத் தேடுகிறவர் இரண்டாமவர்.

கந்துவட்டிக்கு எதிராக மாநில அரசு 2003-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. நாள் வட்டி, மணிக்கணக்கு வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று மக்கள் வாயில் புழங்கும் சொற்களையே எடுத்து வரையறுத்திருக்கிற அபூர்வமான சட்டம் அது. அதிக வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலரும் பயன்படுத்தாத ஒரு வழி இதில் இருக்கிறது: கடன்பட்டவர், அரசு நிர்ணயித்த வட்டியைச் சேர்த்து, தான் தர வேண்டிய நியாயமான தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யுமாறு கேட்கலாம். கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தாலும், ‘இது வட்டிக்கே சரியாகிவிட்டது, அசல் அப்படியே இருக்கிறது’ என்று சொன்னாலும், இந்த வழி அடைபடாது. மிரட்டி வாங்கிவைத்த வெற்றுப் பத்திரம், கையெழுத்திட்ட காசோலை, ஏடிஎம் அட்டை ஆகியவற்றைத் திரும்பக் கேட்கும்போது, எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எத்தனை தாள் கொடுத்தீர்கள் என்பதை மனுவில் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மடிந்ததை மறக்க முடியாது. அவர்கள் அதற்கு முன்பே மனு கொடுத்தவர்கள். சட்டம் இருந்தும் மனு நகராமல் போனதுதான் அங்கே நடந்தது. ஆகவே மிரட்டல் இருக்கிறது என்றால் மனுவை ஒரு மேசையோடு நிறுத்தக்கூடாது. காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதி, முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் ஒரு பதிவு என்று ஒரே நாளில் செய்துவிட வேண்டும். கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தண்டிக்க 2025-ஆம் ஆண்டில் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்பதையும், மகளிர் கடன் குழுவின் மற்றப் பெண்களை ஏவிவிட்டு அவமானப்படுத்துவதையும் தேதி, நேரத்தோடு குறித்துவைத்தால் அது புகாருக்கு அடிப்படையாகும்.

வைப்புத்தொகை: டான்பிட் சட்டம்

மாதம் 10 சதவீதம், 15 சதவீதம் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தைத் திருப்பித் தராத நிறுவனங்கள் மீது பாய்வது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். நீதிமன்ற வட்டாரத்தில் டான்பிட் என்றே சொல்கிறார்கள். பணமாகத்தான் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. பொருளாகவோ சேவையாகவோ தருவதாகச் சொன்னாலும் இந்தச் சட்டம் பிடிக்கும். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்தபோது விவசாயிகளுக்குக் கைகொடுத்தது இந்தச் சட்டமே. மற்ற குற்றச் சட்டங்கள் பெரும்பாலும் ஏமாற்றியவரைச் சிறைக்கு அனுப்புவதோடு நின்றுவிடும். இது அவருடைய சொத்தை அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக ஏலம் விட்டு, முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர வழிசெய்கிறது. சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது.

புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுக்க வேண்டும். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தாலும் உங்கள் புகாரைத் தனியாகக் கொடுங்கள். பணம் பிரிக்கப்படும் நாளில் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் பங்கு. அசல் பத்திரத்தை நிறுவனத்தின் ஆட்களிடம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தராதீர்கள். ‘பத்திரத்தைக் கொடுங்கள், புதுப்பித்துத் தருகிறோம்’ என்று வருகிறவர்கள் கொடுக்கும் புதிய தாளில் பழைய தேதி இருக்காது. உறவினரான முகவர் மூலம் கட்டியிருந்தால் அவர் பெயரை மறைக்கத் தோன்றும். மறைத்தால், பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சங்கிலி அறுந்துபோகும்.

காலம் பிடிக்கும் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. திருப்பூர் பாசி போரெக்ஸ் நிறுவனத்தின் முதலீட்டு மோசடி 2009-இல் வெடித்தது. கோவை நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில்தான். அதனால்தான் கட்டுவதற்கு முன்பு பார்ப்பது முக்கியமாகிறது. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். சந்தேகத்துக்குரிய நிறுவனம் பற்றித் தகவலும் தரலாம். அந்தத் தகவல், தலைமைச் செயலர் தலைமையிலான மாநில ஒருங்கிணைப்புக் குழுவில் இடம்பெற்றுள்ள துறைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

கூட்டுறவும் வங்கியும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை காணவில்லை, வைப்புத்தொகை தர மறுக்கிறார்கள் என்றால் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளரிடம் எழுதுங்கள். 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்கீழ் விசாரணை கோருவதாகக் குறிப்பிட்டால் மனு சரியான கோப்பில் சேரும். வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஊர்ச் சங்கத்துக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வங்கி, வங்கிசாரா நிதி நிறுவனம் ஆகியவற்றின் மீதான குறையை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இணைய மோசடியில் பணம் போனால் இந்த 30 நாள் கணக்கெல்லாம் பார்க்காமல், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

மனு எழுதும் முறை

ஒரு பக்கத்தைத் தாண்டாத மனுவைத்தான் அதிகாரி முழுமையாகப் படிப்பார். சீட்டுப் புகார் என்றால் இப்படித் தொடங்கலாம்:

‘மாவட்டப் பதிவாளர் அவர்களுக்கு. … சீட்டு நிறுவனத்தின் குழு எண் …, டிக்கெட் எண் … உறுப்பினரான நான், … தேதி நடந்த ஏலத்தில் 25,000 ரூபாய் தள்ளிச் சீட்டு எடுத்தேன். … தேதியில் ஜாமீன் ஆவணங்களை ஒப்படைத்தேன். ஒப்புகை நகல் இணைக்கப்பட்டுள்ளது. இன்று வரை 75,000 ரூபாய் வழங்கப்படவில்லை. சீட்டு நிதிச் சட்டம் 1982, பிரிவு 64-இன்கீழ் தகராற்றை விசாரித்துத் தொகையைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

வாழ்க்கைக் கதையையும், நிறுவனத்தின் உரிமையாளர் எந்தக் கட்சிக்காரர் என்பதையும் விட்டுவிடலாம். தேதிகளை வரிசையாக எழுதுங்கள். நகல்களுக்கு எண் போடுங்கள். அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால், அங்கே வாதாடிக்கொண்டு நிற்காமல், அருகிலிருக்கும் தபால் நிலையத்துக்குப் போய் அதே மனுவைப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அறுபது நாள் கழித்தும் அசைவில்லை என்றால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, மனு யாருடைய மேசையில், எந்தக் கோப்பு எண்ணில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.